வேலைக்குத் தயாராவது வேலையில்தான்

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் துறையில் இருக்கும் எல்லோருக்கும் பழக்கமான குறிப்பு ஒன்று உண்டு: "இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை. மேலும் பயிற்சி தேவை." ஒரே ஆளின் கோப்பில் இந்த வரி வருடாவருடம் வேறு வேறு கையெழுத்தில் ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் காகித உறை ஒட்டும் பயிற்சி. அப்புறம் மெழுகுவர்த்தி. அப்புறம் தையல். அதற்குப் பிறகு கணினி அடிப்படை. சான்றிதழ்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, ஆளுக்கு முப்பது வயது தாண்டிவிடுகிறது, முதல் சம்பளம் மட்டும் வந்தபாடில்லை.

நான் ஜாப் கோச்சாக வேலை செய்கிறேன். ஒருவர் புதிதாக வேலைக்குச் சேரும்போது அவரோடு கூடவே போய், அந்த வேலை அவருக்குக் கைவரும்வரை பக்கத்தில் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்வதுதான் இந்த வேலை. பல வருட அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது: வரிசையை நாம் மாற்றிப் போட்டிருக்கிறோம். பயிற்சியை முடி, தயாராகு, அதன் பிறகு வேலை என்ற ஏற்பாட்டில் 'அதன் பிறகு' என்பது பலருக்கு வருவதே இல்லை. வேலை முதலில் வர வேண்டும். அந்த வேலையில், அந்த இடத்தில், அந்த மேற்பார்வையாளரோடு கற்றுக்கொள்வதுதான் உண்மையான பயிற்சி. இது என் ஆசை மட்டும் இல்லை. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

'முதலில் பயிற்சி' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் போரில் போய் நிற்கும். முதல் உலகப் போரிலிருந்து கையையோ காலையோ பார்வையையோ இழந்து திரும்பியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அமெரிக்கா 1918-இல் அவர்களுக்காகத் தொழில்வழி மறுவாழ்வுச் சட்டம் இயற்றியது. 1920-இல் அதே மாதிரி ஏற்பாடு பொதுமக்களுக்கும் வந்தது. போரில் ஊனமுற்றவர்களை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று ஜெர்மனியில் முதலாளிகளுக்கு விதி வந்ததும் அதே காலகட்டத்தில்தான். திரும்பி வந்த சிப்பாய்க்கு இந்த முறை ஓரளவு பொருந்தவும் செய்தது. போருக்கு முன்பே அவர் தச்சராகவோ எழுத்தராகவோ இருந்தவர். நேரத்துக்கு வருவது, மேலாளரிடம் பேசுவது, சம்பளத்தை எண்ணிப் பார்ப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு கையால் செய்யக்கூடிய தொழில் ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும், பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கும், மனநோயிலிருந்து மீண்டு வருபவருக்கும் அதே முறையை அப்படியே போட்டபோதுதான் சிக்கல் வந்தது. வேலையிடம் எப்படி இருக்கும் என்பது இவர்களுக்கு வகுப்பறையில் சொல்லிப் புரியக்கூடிய விஷயம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிரிட்டன் 1944-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் 3 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அந்தக் காலத்துக்கு அது பெரிய அடி. ஆனால் அதே சட்டத்தின் கீழ் இரண்டு வேலைகளை அவர்களுக்கென்றே தனியாக ஒதுக்கினார்கள். எவை என்று நினைக்கிறீர்கள்? லிஃப்ட் இயக்குபவர், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்பவர். வந்து நிற்பவர் பொறியாளரா, ஓவியரா, கணக்கில் புலியா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. இன்றைக்கும் ஒரு நிறுவனத்துக்கு நான் போன் செய்து "உங்களிடம் என்னென்ன வேலைகள் காலியாக இருக்கின்றன?" என்று கேட்டால், பட்டியலைச் சொல்வதற்கு முன் "உங்க ஆளுக்குன்னா ரிசப்ஷன்ல போன் எடுக்கிற மாதிரி ஏதாவது பார்க்கலாம்" என்கிறார்கள். என்ன ஆள், என்ன படிப்பு, எதில் ஆர்வம் என்று ஒன்றும் தெரியாது. வேலை மட்டும் முடிவாகிவிட்டது.

அதே பிரிட்டிஷ் சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் ரெம்ப்ளாய் என்ற அரசு நிறுவனம் உருவானது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனித் தொழிற்சாலைகள். முதலாவது 1946-இல் வேல்ஸில் பிரிட்ஜெண்டில் திறந்தது. பிறகு நாடு முழுக்கப் பரவின. கடைசித் தொழிற்சாலைகள் 2013-இல் மூடப்பட்டன. உலகத்தின் பல பாகங்களிலும் இப்படித் தனிப் பட்டறைகள் வந்தன, இன்னும் இருக்கின்றன. வெளியே போவதற்கான இடைப்பட்ட படி என்றுதான் பெரும்பாலானவற்றைத் தொடங்கினார்கள். நடந்தது வேறு. உள்ளே போனவர்களில் மிகப் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டறைக்கும் நல்ல கை தேவை. நன்றாக வேலை செய்பவரை வெளியே அனுப்பினால் உற்பத்தி குறையும். ஆகவே தயாரானவரை வைத்துக்கொள்ளவும் காரணம் இருக்கிறது, தயாராகாதவரை வைத்துக்கொள்ளவும் காரணம் இருக்கிறது.

கூலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தின் 14(சி) பிரிவு, சான்று பெற்ற நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே தரலாம் என்று அனுமதித்தது. பல மாநிலங்கள் பிற்பாடு அதைத் தடை செய்தன. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2022-இல் வெளியிட்ட எட்டாவது பொதுக் கருத்துரையில், தனிப் பட்டறைகளை வேலை உரிமையை நோக்கிய முன்னேற்றமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. எனக்கு இதில் முழு உடன்பாடு.

ஆனாலும் பட்டறையில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "சம்பளம் பெரிசா வேண்டாங்க. யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சாயங்காலம் நல்லபடியா வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்." அந்தப் பாதுகாப்பைப் பட்டறை தந்தது, நண்பர்களைத் தந்தது. மாற்று ஏற்பாடு எதுவும் கையில் இல்லாமல் பட்டறையை மட்டும் மூடினால் பிள்ளை வீட்டுக்குள் உட்காருவான். அந்த அம்மாவின் பயத்துக்குப் பதில், வெளியே உள்ள வேலையிடத்தில் அதே பாதுகாப்பை உண்டாக்கிக் காட்டுவதுதான். வாயால் சொல்லும் உறுதிமொழி அவருக்குப் போதாது.

அப்படி உண்டாக்க முடியுமா? இங்கே மார்க் கோல்ட் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர். 1972-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே புரட்டிப் போட்டது. பட்டறைகளில் இருந்த, மிதமானது முதல் கடுமையானது வரை அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் அவர் ஒரு சைக்கிள் பிரேக்கைக் கொடுத்தார். 15 பாகங்கள் கொண்டது. அதைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு 24 பாகங்கள் கொண்ட இன்னொரு பிரேக். இவர்களால் உறை ஒட்டத்தான் முடியும் என்று மற்றவர்கள் எழுதி வைத்திருந்த ஆட்கள் இவர்கள். அநேகமாக எல்லோருமே கற்றுக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு அவர் பாகங்களில் நிறம் பூசிக் கொடுத்திருந்தார்: பாகத்தைச் சரியாக வைக்கும்போது எந்தப் பக்கம் தன்னை நோக்கி இருக்க வேண்டுமோ, அந்தப் பக்கத்துக்கு மட்டும். அந்தக் குழு இன்னும் சீக்கிரம் கற்றது. ஒருவருக்குக் கற்க வராவிட்டால் கற்பிப்பவர் வேறு வழியில் முயல வேண்டும் என்பதுதான் அவர் கடைசிவரை சொல்லிவந்தது.

நான் தினமும் செய்வது இதன் நீட்சிதான். ஒரு கிடங்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரும்பி வரும் பொட்டலங்களைப் பிரித்து அந்தந்தத் தொட்டியில் போடும் வேலை. சேர்ந்தவர் இருபதுகளில் இருக்கும் இளைஞர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், எழுத்துகளை அடையாளம் தெரியும், நீளமாக வாசிக்க வராது. அவர் வருவதற்கு முன் நானே அந்த வேலையைச் செய்து பார்த்து, படிப்படியாகப் பிரித்து எழுதிக்கொண்டேன். பெட்டியை எடு, லேபிளைப் பார், முதல் இரண்டு எழுத்தைப் பார், அதே எழுத்து உள்ள தொட்டிக்குப் போ, ஸ்கேனரை அழுத்து, சத்தம் வந்ததும் போடு. காகிதத்தில் சுலபமாகத்தான் இருந்தது.

அவர் மாட்டிக்கொண்டது நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. எழுத்துகளைச் சரியாகவே பார்த்தார். லேபிளைக் கண்டுபிடிப்பதில்தான் நின்றுவிட்டார். ஒரு பெட்டியில் மேலே இருக்கும், இன்னொன்றில் பக்கவாட்டில், இன்னொன்றில் அடியில். பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் பார்த்தாயிற்று என்பதே குழம்பிவிடும். மேசையில் ஒட்டுநாடாவால் ஒரு சதுரம் போட்டோம். பெட்டியை அதற்குள் வை. மேலே பார். இல்லையென்றால் வலப்பக்கமாக ஒரு திருப்பு. நான்கு பக்கமும் பார்த்தும் கிடைக்கவில்லையா, கவிழ்த்துப் பார். அவ்வளவுதான். குழப்பம் தீர்ந்தது. அடுத்த சிக்கல் தொட்டிகள். ஷிப்ட் மாறும்போது யாரோ தொட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் கண்ணால் தேடிக்கொள்வார்கள், இவர் நேற்று இருந்த இடத்துக்கே போய் நிற்பார். தரையில் தொட்டிகளுக்கு இடம் குறித்தோம். அதற்கு மேற்பார்வையாளரின் சம்மதம் வாங்குவதுதான் அந்த வாரத்தில் எனக்குக் கடினமான வேலையாக இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். மேற்பார்வையாளர் எதைச் சொல்வதாக இருந்தாலும் என்னைப் பார்த்தே சொன்னார். "அவர்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு அரை மணி நேரம் முன்னாடி வரணும்னு." அந்த இளைஞர் நான்கு அடி தள்ளித்தான் நிற்கிறார். "அவரே இருக்காரே, நீங்களே சொல்லிடுங்க" என்றேன். தயங்கினார். பிறகு அவரிடமே திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். இளைஞர் "சரி சார்" என்றார். மறுநாள் அரை மணி முன்னதாக வந்துவிட்டார். அதற்குப் பிறகு மேற்பார்வையாளர் என்னிடம் வரவில்லை. நான் முதலில் இளைஞரின் பக்கத்தில் நின்றேன், பிறகு பின்னால், பிறகு அறையின் மறுகோடியில், பிறகு போனில் மட்டும். ஜாப் கோச் எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த இடத்தில் இருக்கும் ஒருவர் என் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும்வரை. அது நடக்காமல் நான் வெளியேறினால் அவருடைய வேலை நிலைக்காது. அது நடந்த பிறகும் நான் அங்கேயே நின்றால், அவர் என்றைக்கும் 'அந்த அமைப்பிலிருந்து வந்த பையன்' ஆகவே இருப்பார்.

இந்தக் கற்றலைப் பயிற்சி மையத்தில் உண்டாக்கியிருக்க முடியுமா? முடியாது. பயிற்சி மையத்தில் தொட்டிகள் இடம் மாறாது, லேபிள்கள் ஒரே பக்கத்தில் இருக்கும், ஷிப்ட் மாறாது. அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்து பொருத்துவதுதான் அவருக்குக் கடினம். அதைத்தான் நாம் அவரிடம் கட்டாயப்படுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் இதற்கு இன்னும் உறுதியான சான்று இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் இருவரும் ஐ.பி.எஸ். (Individual Placement and Support, ஆளுக்கேற்ற வேலையும் தொடர் ஆதரவும்) என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் சேர ஒரே தகுதி, வேலை செய்ய விருப்பம். மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா, அறிகுறிகள் அடங்கிவிட்டனவா, முன்பு வேலை பார்த்திருக்கிறாரா என்று வாசலில் நிறுத்துவது கிடையாது. நீண்ட முன்பயிற்சி கிடையாது, உடனே தேடத் தொடங்குகிறார்கள். சாதாரண வேலை, சாதாரணச் சம்பளம், வேலை கிடைத்த பிறகும் தொடரும் ஆதரவு. ஐரோப்பாவில் லண்டன், ரிமினி, சூரிச், சோஃபியா உட்பட ஆறு இடங்களில் 312 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான பயிற்சி மையச் சேவை பெற்றவர்களில் 28 சதவீதம் பேர் குறைந்தது ஒரு நாளாவது பொதுச் சந்தையில் வேலை செய்திருந்தார்கள். ஐ.பி.எஸ். குழுவில் அது 55 சதவீதம். "வேலை கொடுத்தால் அழுத்தம் அதிகமாகி நோய் முற்றும்" என்பதுதான் பொதுவான பயம். ஆனால் மருத்துவமனையில் மறுபடி சேர்க்கப்பட்டவர்களும் ஐ.பி.எஸ். குழுவிலேயே குறைவாக இருந்தார்கள். ஒரு நாள் என்பது சின்ன அளவுகோல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் பயிற்சிக்குப் போய் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவர்களோடு பழகியவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

சரி, வேலை முதலில் என்றால் வாசலில் இன்டர்வியூ இருக்கிறதே? எனக்கு இன்டர்வியூ மேல் பெரிய வருத்தம் உண்டு. அது பேச்சைச் சோதிக்கிறது. வந்தவர் செய்யப்போவது பெரும்பாலும் பேச்சு சம்பந்தமான வேலை இல்லை. ஆட்டிசம் உள்ள ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதற்காக மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவர் கையை விட்டுப் போகிறது. காது கேளாத ஒருவர் சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாத அறையில் பாதி கேள்வியை உதட்டைப் பார்த்து ஊகித்துப் பதில் சொல்லி, 'புரிந்துகொள்ளும் திறன் போதாது' என்ற மதிப்பெண்ணோடு வெளியே வருகிறார். டென்மார்க்கில் தோர்கில் சோனே 2004-இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனை வேலைக்கு எடுக்கிறது. அவர்களுடைய திறனைக் கண்டுபிடிக்க லெகோ ரோபோக்களைக் கட்டி இயக்கச் சொன்னார்கள். வேலையைக் கொடுத்துச் செய்யவிட்டுப் பார்ப்பதுதான் இதன் சாரம். இதை எந்த நிறுவனமும் எந்த வேலைக்கும் செய்யலாம். அரை நாள் செய்து காட்டச் சொல்லுங்கள், அந்த அரை நாளுக்குக் கூலியும் கொடுங்கள் என்றுதான் நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன்.

அடுத்து, வசதி செய்து தருவது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உரிமை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு, ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்கிறது. 27-ஆம் பிரிவு அதை வேலையிடத்துக்குக் கொண்டுவருகிறது. சட்டம் இப்படி இருந்தும் 'செலவு' என்ற சொல் எல்லாப் பேச்சையும் நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் 1983 முதல் முதலாளிகளுக்கு இது பற்றி இலவச ஆலோசனை தரும் ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க், தன்னிடம் வரும் நிறுவனங்களிடம் பல வருடமாகக் கருத்துக் கேட்டு வருகிறது. செய்த மாற்றங்களில் ஏறத்தாழ பாதிக்கு ஒரு காசும் செலவாகவில்லை என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. நேரத்தைக் கொஞ்சம் மாற்றுவது, மேசையை ஜன்னலோரம் நகர்த்துவது, வாய்மொழி உத்தரவை எழுதிக் கொடுப்பது போன்றவைதான் அவை.

ஒரு கணக்காளர். வேலையில் இருக்கும்போதே பார்வை படிப்படியாகப் போனது. நிறுவனம் அவரிடம் கோபமாக நடக்கவில்லை, பரிவாகவே நடந்தது. "மேடம், நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க, பார்த்துக்கலாம்." அந்தப் பரிவு நீண்டிருந்தால் அவர் வேலை போயிருக்கும். அவர் என்.வி.டி.ஏ. கற்றுக்கொண்டார். கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். மின்னஞ்சல், கணக்குத் தாள்கள் எல்லாம் கைவந்துவிட்டன. நிறுவனத்தின் சொந்தக் கணக்கு மென்பொருளைத் திறந்ததும் நின்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். டேப் விசையை அழுத்த அழுத்த அது சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." திரையில் பார்க்கும் எனக்கு அவை சேமி, அழி, அனுப்பு, அச்சிடு. படங்களாக மட்டும் வரைந்து, பெயர் வைக்காமல் விட்டிருந்தார்கள். எந்தப் பட்டன் அழிக்கும் என்று தெரியாமல் ஒரு கணக்காளர் எப்படி அழுத்துவார்?

மென்பொருளை எழுதிய இளைஞரை வரவழைத்தோம். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தன் திரையைத் தானே கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பெயர் வரியைச் சேர்த்து அனுப்பினார். புது இயந்திரமும் வாங்கவில்லை, அறையும் கட்டவில்லை. மேடத்துக்கு எந்தப் பயிற்சியும் குறைவாக இல்லை. மாற வேண்டியிருந்தது மென்பொருள். 'தயாராகவில்லை' என்று எழுதுவதானால் அதன் கோப்பில்தான் எழுதியிருக்க வேண்டும்.

இவரைப் போல வேலை வயதில் நோயாலோ விபத்தாலோ மாற்றுத்திறனாளி ஆனவர்கள்தான் அதிகம், பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் குறைவு. இவர்களுக்குப் புது வேலை தேடுவதைவிட இருக்கும் வேலையைக் காப்பாற்றுவது பல மடங்கு சுலபம். ஆனால் காலம் முக்கியம். வீட்டில் இருக்கும் நாட்கள் நீள நீளத் திரும்பி வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஜெர்மனியில் ஒரு தொழிலாளி ஒரு வருடத்துக்குள் ஆறு வாரத்துக்கு மேல் நோய் விடுப்பில் இருந்தால், அவரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று முதலாளியே முன்வந்து அவரோடு பேசியாக வேண்டும் என்பது சட்டம். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. ஊழியர் கெஞ்ச வேண்டியதில்லை, நாட்காட்டியே பேச்சைத் தொடங்கி வைத்துவிடுகிறது.

ஒதுக்கீடு வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், வேண்டும் என்பேன். ஜெர்மனியில் 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நிறைவேற்றாவிட்டால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். அந்தப் பணம் வேலையிட மாற்றங்களுக்கே திரும்பிப் போகிறது. ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் அது 2.5 சதவீதமாக உயர்ந்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீதம் ஒதுக்கி, குறைபாட்டு வகைகளை 7-இலிருந்து 21 ஆக விரித்தது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே பாடம்: அங்கே அரசு அமைச்சகங்களே தகுதி இல்லாதவர்களை மாற்றுத்திறனாளிகள் கணக்கில் சேர்த்துக் காட்டியது 2018-இல் வெளியே வந்தது. தவறாக எண்ணப்பட்டவர்கள் 3,000-க்கும் மேல். பிரிட்டனின் 3 சதவீத விதியோ ஐம்பது வருடம் ஏட்டில் இருந்தும், அதன் கீழ் போடப்பட்ட வழக்குகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 1995-இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது அது கைவிடப்பட்டது. ஒதுக்கீடு கதவைத் திறக்கும். உள்ளே போனவருக்கு என்ன வேலை தருகிறார்கள் என்பதை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். கையெழுத்து மட்டும் போடச் சொல்லி, நாள் முழுக்க ஒரு வேலையும் தராமல் உட்கார வைத்த இடங்களை நான் அறிவேன். அங்கிருந்து விலகி வந்த ஒருவர் சொன்னார்: "சம்பளம் வந்துச்சு. ஆனா நான் வரலைன்னாலும் அங்க எதுவும் நிக்காது. அதான் தாங்க முடியல."

உதவித்தொகை பற்றியும் ஒரு வார்த்தை. பல நாடுகளில் வேலை கிடைத்த மறுமாதமே உதவித்தொகையும் மருத்துவச் சலுகையும் நின்றுவிடுகின்றன. வேலை மூன்று மாதத்தில் போய்விட்டால் மறுபடி விண்ணப்பித்து, மறுபடி மருத்துவச் சான்று வாங்கி, மறுபடி காத்திருக்க வேண்டும். குடும்பம் "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதே" என்று தடுப்பதில் என்ன தவறு? வருமானம் கூடக்கூட உதவி சிறிது சிறிதாகக் குறையட்டும். வேலை போனால் கேள்வியில்லாமல் திரும்பி வரட்டும். இதைச் செய்யாமல் 'இவர்களுக்கு வேலையில் ஆர்வமில்லை' என்று எழுதுவது அநியாயம்.

கடைசியாக ஒன்று. 1983-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 159-ஆம் உடன்படிக்கை, தொழில்வழி மறுவாழ்வின் நோக்கம் என்று மூன்றைச் சொல்கிறது: தகுந்த வேலையைப் பெறுவது, அதில் நிலைப்பது, அதில் முன்னேறுவது. இந்தத் துறையில் நாங்கள் எண்ணிக் காட்டுவது முதலாவதை மட்டும்தான். இத்தனை பேரை வேலையில் அமர்த்தினோம் என்று ஆண்டறிக்கையில் போடுகிறோம். மூன்று வருடம் கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அதே மேசையில், அதே சம்பளத்தில், பின்னால் வந்தவர்கள் மேலே போய்விட்ட பிறகும் அங்கேயே இருப்பவர்களை எனக்குத் தெரியும். பதவி உயர்வுக்கான பயிற்சி மாடியில் நடக்கிறது, லிஃப்ட் இல்லை. அல்லது பயிற்சிக் காணொளிக்கு வசனவரி இல்லை. அல்லது, "அவர் இங்கேயே சந்தோஷமாத்தான் இருக்காரு" என்று மேலாளரே முடிவு செய்துவிட்டார். கேட்டுப் பார்த்ததில்லை.

ஆகவே இப்போது நாங்கள் நிறுவனங்களோடு எழுதும் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்த்திருக்கிறோம். முதல் வருட முடிவில் சம்பள உயர்வு மற்றவர்களுக்கு எந்த அளவோ அந்த அளவு. உள் பயிற்சிகளின் அறிவிப்பு எல்லோருக்கும் போகும் அதே நாளில் இவர்களுக்கும், இவர்கள் படிக்கக்கூடிய வடிவத்தில். புதிய மென்பொருள் வாங்குவதற்கு முன், திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஊழியர் ஒருவரிடம் அதைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. எங்களுக்கு நிதி தரும் அமைப்புகளிடமும் கேட்டுவருகிறோம்: உங்கள் படிவத்தில் 'வேலையில் அமர்த்தப்பட்டவர்கள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், 'மூன்றாம் ஆண்டில் அவர்களுடைய பதவியும் சம்பளமும்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று தெரிந்தால், பயிற்சி மையங்கள் ஆட்களை உள்ளே வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு வெளியே அவர்களோடு நடக்கத் தொடங்கும். இரண்டு அமைப்புகள் சரி என்றிருக்கின்றன. மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.